ஒரு மணிக்கு இரண்டு கடமை

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இக்காலத்தில் எஜமானர்கள் அநேகர். சனிக்கிழமை காலையில் கணக்கு உபாத்தியாயர் விசேஷ வகுப்பு வைக்கிறார். அதே காலையில் தேசிய மாணவர் படையின் அணிவகுப்பு. அதே வேளையில் ஆண்டு விழா நாடகத்துக்கு ஒத்திகை. "வந்தே தீரவேண்டும்" என்று மூவரும் உத்தரவிடுகிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. பிள்ளையோ யாரிடமும் வாய் திறவாமல் ஏதோ ஓரிடத்துக்குப் போகிறான். மற்ற இரண்டு இடங்களிலும் சோம்பேறி என்றும் பொய்யன் என்றும் பெயர் வாங்குகிறான்.

இது புதிய சங்கடமன்று. மகாத்மா காந்தி ராஜ்கோட்டில் மாணாக்கராயிருந்தபோது இதே சிக்கலில் அகப்பட்டுக் கொண்டார். அப்போது தலைமை ஆசிரியராயிருந்தவர் தோராப்ஜி எதுல்ஜி கிமி; கண்டிப்பானவர், ஆயினும் பிள்ளைகளின் அன்பைப் பெற்றவர். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேகாப்பியாசத்தையும் கிரிக்கெட்டையும் அவர் கட்டாயமாக்கியிருந்தார். காந்திக்கோ, பள்ளி விட்டதும் வீடு திரும்பித் தந்தைக்குப் பணிவிடை செய்ய வேண்டுமென்பதே ஆவல். விலக்குக் கேட்டார்; தலைமை ஆசிரியர் இணங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, பள்ளி காலையோடு முடிந்துவிட்டது. மாலை 4 மணிக்குத் தேகாப்பியாசத்துக்குத் திரும்பி வரவேண்டும். பிள்ளையிடம் கடிகாரம் இல்லை, வானமோ மேகமூட்டமாயிருந்தது. பொழுது தெரியாமல் அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் கலைந்துவிட்டிருந்தனர். காரணம் கேட்கப்பட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னார். தலைமை ஆசிரியர் நம்பவில்லை; ஓரணாவோ இரண்டணாவோ அபராதம் விதித்தார். அபராதத்தைவிடப் பொய்யன் என்ற பழியே அவரை அழவைத்தது. மெய் பேசுகிறவன் ஜாக்கிரதை உள்ளவனாகவும் இருக்க வேண்டும் என்பதை அன்று கண்டுகொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு சிக்கல் தீர்ந்தது எப்படி? தந்தையார் கரம்சந்த் காந்தி, பள்ளி விட்டபின் மகன் வீட்டில் தேவை என்று தாமே தலைமை ஆசிரியருக்கு எழுதினார், விலக்குக் கிடைத்தது. பிள்ளை மன்றாடியும் ஆகாத காரியம், பெரியவர் ஒருவரின் கடிதத்தால் ஆயிற்று.

மாணாக்கர்கள் இதிலிருந்து முதலில் அறிய வேண்டுவது ஒன்று. முன்கூட்டிச் சொன்னால் அது விண்ணப்பம்; பின்னால் சொன்னால் அதுவே சாக்கு. இரண்டு அழைப்பு ஒரே மணிக்கு வருகிறதென்று தெரிந்த அன்றே இருவரிடமும் சொல்லிவிடுக. எதை விடுவது என்று தீர்மானிக்கையில், திரும்பக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்று பார்க்கவேண்டும். தவறிய பாடத்தை நண்பனின் குறிப்பைக் கொண்டு மறுநாள் படித்துவிடலாம். தவறிய பரீட்சை அவ்வாறு கிட்டாது. நாடகத்தில் ஒருவன் வராவிட்டால் பத்துப் பேரின் ஒத்திகை வீணாகும். தேசிய மாணவர் படையிலோ, சான்றிதழ்ப் பரீட்சை எழுத அணிவகுப்பு வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு வருகை வேண்டும். ஆகையால் ஒரு நாள் போகாதிருப்பதும் மாதந்தோறும் போகாதிருப்பதும் ஒன்றாகா.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் பிள்ளையின் பரீட்சை, பந்தயம், முகாம் யாவற்றையும் மாதத் தொடக்கத்திலேயே அவன் கையாலேயே குறிக்கச் செய்யுங்கள். மோதல் தென்பட்டால் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் உண்மைக் காரணம் மட்டும் இருக்கட்டும். அத்தையின் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால், பிள்ளை கற்றுக்கொள்வது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

உபாத்தியாயர்களாகிய நமக்கும் பொறுப்பு உண்டு. ஆசிரியர் அறையில் ஒரு பலகை மாட்டி, விசேஷ வகுப்பு வைக்கிறவரும் அணிவகுப்பு நடத்துகிறவரும் நாளையும் மணியையும் அதில் எழுதிவிட்டால் பாதிச் சங்கடம் தீரும். மீதியை நம் காது தீர்க்கவேண்டும். மரியாதையாக வந்து, "ஐயா, அன்றைக்கு எனக்கு வேறொரு கடமையும் இருக்கிறது" என்று சொல்லும் பையனை அதட்டி அனுப்பினால், அடுத்த முறை அவன் வரமாட்டான். வயிற்றுவலி என்று ஒரு சீட்டு வரும். ஒரு வகுப்பு தவறினால் மறுபடி நடத்திக்கொள்ளலாம். உண்மை சொல்லிப் பயனில்லை என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், அதை எந்த விசேஷ வகுப்பில் சரி செய்வது?