பலாச்சுளை தின்ன டிரைவர்... மெஷின் காட்டிய போதை!

பந்தளம் என்றால் நமக்கு ஐயப்பன்தான் நினைவுக்கு வருவார். 2025 ஜூலையில் அந்த ஊரின் பெயரை எல்லோர் மொபைலுக்கும் கொண்டுவந்தது ஒரு பலாப்பழம். அங்கே உள்ள கேரள அரசுப் பேருந்து டெப்போவில், காலை டியூட்டிக்கு வந்த டிரைவரை வழக்கம்போல பிரீத் அனலைசரில் ஊதச் சொன்னார்கள். மெஷின் 10 என்று காட்டியது. 'நான் குடிக்கவே இல்லை' என்று அவர் சாதித்தார். அடுத்தடுத்து வேறு சிலரும் மாட்டினார்கள். விசாரித்தால், ஊழியர் ஒருவர் கொண்டுவந்த பழுத்த வருக்கைப் பலாச்சுளையை எல்லோரும் பகிர்ந்து தின்றிருக்கிறார்கள். ஏற்கெனவே ஊதி பூஜ்ஜியம் வாங்கிய ஒருவரைச் சுளை தின்னவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவருக்கும் போதை!

மீம்ஸ் பறந்தன. நானும் இரண்டு ஃபார்வர்டு செய்தேன். பண்ருட்டிக்காரர்கள் பஸ்ஸே ஓட்ட முடியாது போலிருக்கே என்று எங்கள் டெஸ்க்கில் ஒரே சிரிப்பு. ஆனால், அந்த டிரைவரின் இடத்தில் இருந்து பார்த்தால் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. 2024 ஏப்ரலில் கேரளப் போக்குவரத்துத் துறை அமைச்சர் கணேஷ்குமாரின் உத்தரவில் டெப்போ டெப்போவாகச் சோதனை நடந்தபோது, இரண்டே வாரத்தில் 100 ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. நிரந்தர ஊழியர் என்றால் சஸ்பெண்ட், தற்காலிக ஊழியர் என்றால் வேலையே போச்சு. பலாப்பழ விவகாரம் மட்டும் வெளியே தெரியாமல் போயிருந்தால், 'குடிச்சுட்டு டியூட்டிக்கு வந்தவன்' என்ற பெயர் அந்த மனிதருக்கு ஊர் முழுக்க ஒட்டியிருக்கும். அவர் பிள்ளையின் பள்ளிக்கூடம் வரைக்கும் அது போயிருக்கும்.

அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாட்டவே மாட்டேன். ராத்திரி பஸ்ஸில் நாம் குடும்பத்தோடு தூங்கிக்கொண்டு போவது, முன்சீட்டில் இருப்பவர் தெளிவாக இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். விமானம் ஓட்டுபவர் பறப்பதற்கு 12 மணி நேரத்துக்கு முன்பிருந்து மதுவைத் தொடக் கூடாது. ரயில் இன்ஜின் டிரைவர்கள் டியூட்டியில் கையெழுத்துப் போடும்போது ஊதியாக வேண்டும். 50 பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவர் மட்டும் ஏன் ஊதக் கூடாது?

பிரச்னை ஊதுவதில் இல்லை, ஊதவைக்கும் விதத்தில் இருக்கிறது.

அந்த மெஷின் தேடுவது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை. ரத்தத்தில் மது இருந்தால் அதன் சாயல் அந்தக் காற்றில் இருக்கும். ஆனால், நன்றாகப் பழுத்து நுரைக்க ஆரம்பித்த பழம், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், சில இருமல் சிரப்புகள் எல்லாம் வாய்க்குள்ளேயே கொஞ்சம் ஆல்கஹாலை விட்டுவைக்கும். அது ரத்தத்துக்கே போயிருக்காது, ஆனாலும் உடனே ஊதினால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. இந்த வாய் வாசனை 15 நிமிடத்தில் போய்விடும். நிஜமாகவே குடித்தவருக்கு 15 நிமிடத்தில் எதுவும் போகாது.

விஷயமே இவ்வளவுதான். இதை அமெரிக்காவில் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே கனரக லாரி, பஸ் ஓட்டுபவர்களுக்கு முதலாளியே சோதனை நடத்தியாக வேண்டும். 1991-ல் வந்த சட்டம் அது. முதல் ஊதலில் ரத்தத்தில் 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கையோ அதற்கு மேலேயோ காட்டினால், எதுவும் சாப்பிடாமல் குறைந்தது 15 நிமிடம் உட்காரவைத்து, இரண்டாவது முறை ஊதவைக்க வேண்டும். அதற்கு முன் வெறும் காற்றில் மெஷின் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 20 முதல் 39 வரை என்றால் 24 மணி நேரம் ஸ்டியரிங் பக்கம் வரக் கூடாது. 40 தொட்டால் பெரிய குற்றம். அப்போதும் நேராக வீட்டுக்குப் போ என்பதல்ல சட்டம். நிபுணரைப் பார்த்து, சிகிச்சை எடுத்து, மறுபடி சோதனையில் தேறினால் ஓட்டலாம். அதன் பிறகு முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 முறை சொல்லாமல் கொள்ளாமல் சோதிப்பார்கள். முதலாளி மனசு வைத்தால்தான் என்றாலும், திரும்பிவர ஒரு வழி இருக்கிறது.

நம் ஊர்ச் சட்டத்தில் எல்லை 30 மில்லிகிராம். ஸ்கூட்டர்காரருக்கும் 30, பஸ் டிரைவருக்கும் 30. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட சேர்ந்து வரலாம். ஆனால் டெப்போ வாசலில் கணக்கு வேறு. அங்கே பூஜ்ஜியத்தைத் தவிர எது காட்டினாலும் சிக்கல்தான். எல்லை இவ்வளவு கறாராக இருக்கும்போது, சோதிக்கும் முறையும் அதே அளவு கறாராக இருக்க வேண்டாமா? சாலையில் பிடிபட்ட ஒருவரின் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் இதைத்தான் கேட்டது. அவர் ஊதுவதற்கு முன்பே, வெறும் காற்றுக்கே மெஷின் ரீடிங் காட்டியிருந்தது. பூஜ்ஜியத்தில் தொடங்காத மெஷினை வைத்து ஒருவரைக் குடிகாரர் என்று சொல்ல முடியாது என்று குடித்துவிட்டு ஓட்டியதான குற்றச்சாட்டை ரத்து செய்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'நேத்து ராத்திரி குடிச்சதுதானே சார்' என்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம் கணக்கில்தான் மதுவைக் கழிக்கும். நள்ளிரவில் 120-ல் படுத்தவர், காலை 5 மணி டியூட்டிக்கு எழும்போது 45-ல் இருப்பார். குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், எலுமிச்சையைத் தலையில் தேய்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இவருக்குத் தலை தெளிந்த மாதிரி இருக்கும், பிரேக் மிதிக்கிற கால் லேட்டாகும்.

கஞ்சா அடித்துவிட்டு வந்தால்? பிரீத் அனலைசர் பச்சை விளக்கு காட்டி உள்ளே அனுப்பிவிடும். அதைப் பிடிக்க சிறுநீரோ எச்சிலோ ரத்தமோ வேண்டும். அமெரிக்காவில் சிறுநீரில் ஐந்து வகைப் போதைப்பொருள்களைத் தேடுகிறார்கள். ஏதாவது தென்பட்டால், ஒரு டாக்டர் டிரைவருக்கு போன் போட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகே முடிவைச் சொல்கிறார். மாதிரியை இரண்டு பாட்டிலாகப் பிரித்து வைக்கிறார்கள். டிரைவர் 72 மணி நேரத்துக்குள் கேட்டால் இரண்டாவது பாட்டில் வேறு லேபுக்குப் போகும்.

அரசு டெப்போவிலாவது ஊதச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். காலையில் நம் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கிற ஸ்கூல் வேன் டிரைவரை யார் ஊதச் சொல்கிறார்கள்? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசி முடித்ததும் பள்ளியில் கேட்டுப் பாருங்கள்: மெஷின் இருக்கிறதா, கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள், ரீடிங் வந்தால் 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதவைக்கிறார்களா?

உங்கள் வீட்டிலேயே ஒரு டிரைவர் இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். டியூட்டிக்குக் கிளம்பும் முன் பழுத்த பலாவும் மவுத்வாஷும் வேண்டாம். குடிக்காமலே மெஷின் கத்தினால் சண்டை போடாமல் வாயைக் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊத வாய்ப்பு கேட்கட்டும். அதையும் மறுத்தால், உடனே அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். மறுநாள் போனால் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது, அவர் பக்கம் சாட்சியும் இருக்காது.