மராமத்தும் மூன்று நாழிகையும்

"கல்லூரி ஆசிரியர்களுக்கு என்ன குறை? கோடை முழுதும் விடுமுறை. உட்கார்ந்தால் ஒரு நாவலே எழுதிவிடலாம்." இப்படிச் சொல்லும் நண்பர்கள் நமக்கு நிறைய உண்டு. அந்த விடுமுறையின் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. தேர்வுகள் முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாம். அது ஓய்வதற்குள் பிள்ளைகளின் தேர்வு முடிவுகள், விண்ணப்பங்கள், ஊரிலிருந்து வரும் உறவினர், இரண்டு திருமணங்கள், ஒரு குலதெய்வ வழிபாடு. மிஞ்சுவது மே மாதத்தில் மூன்று வாரங்கள். வீட்டு மராமத்தும் சரியாக அங்கேதான் வந்து உட்காருகிறது.

வேறு எப்போது வரும்? கார்த்திகை மழையில் ஒழுகிய தளத்தைக் கார்த்திகையிலேயே பிரிக்க இயலாது. பள்ளி திறந்துவிட்டால் சாமான்களை நகர்த்த இயலாது. ஆடி பிறப்பதற்குள் முடிய வேண்டும் என்பார் மாமியார். ஆகவே ஊரே கோடையில் வீட்டைப் பிரிக்கிறது. கொத்தனார் கிடைப்பது குதிரைக்கொம்பாகிறது. சென்ற கோடையில் நம் வீட்டிலும் மேல்தளத்து ஓடுகளைப் பெயர்த்து, சமையலறையை அகலப்படுத்தி, மாடியில் ஓர் அறையும் எடுத்தோம். (வடகம் பிழிய மொட்டைமாடி இல்லாமற் போனதில் மாமியாருக்கு இன்றளவும் வருத்தம்.)

மாடியறை எழுதுவதற்கென்று திட்டமிடப்பட்டது. கேள்விப்பட்ட இலக்கிய நண்பர்கள் உடனே வர்ஜீனியா உல்ஃபை நினைவூட்டினார்கள். 1929-இல் வெளிவந்த அவருடைய 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலைத் தமிழில் மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அறையோடு நின்றுவிடுகிறார்கள். அவர் கேட்டவை இரண்டு: பூட்டக்கூடிய ஓர் அறை, ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானம். அந்த வருமானமும் உழைத்துப் பெறுவதன்று. நூலில் கதைசொல்லியாக வருபவளுக்கு அத்தை ஒருத்தி விட்டுச்சென்ற சொத்து. நம் வருமானமோ வகுப்பெடுத்தும் விடைத்தாள் திருத்தியும் வருவது. பணத்தைத் தரும் வேலையே பொழுதையும் எடுத்துக்கொள்கிறது. எனவே அறையும் சம்பளமும் உள்ள ஆசிரியைக்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது: வீட்டில் வேறெவரும் உரிமை கோராத பொழுது. அறையைக் கொத்தனார் கட்டித் தந்துவிடுவார். இதைக் குடும்பத்தோடு பேசித்தான் பெற வேண்டும்.

மராமத்து நேரத்தைத் தின்றுவிடுகிறது என்பது பொதுவான புகார். நம் அனுபவத்தில் அது பாதி உண்மையே. கொத்தனார் கரணையைக் கையிலெடுத்துவிட்டால் நமக்கு அங்கே வேலையில்லை. மராமத்து தின்பது முடிவெடுக்கும் ஆற்றலை. "டீச்சரம்மா, சுவிட்சுப் பெட்டி எந்த உயரத்துல வரணும்?" "ஜன்னல் கம்பி குறுக்கவா, நெடுக்கவா?" "டைல்ஸ் பத்தாது போலிருக்கே, இன்னும் ரெண்டு பெட்டி சொல்லிடவா?" புனைகதையும் அடுத்தடுத்து எடுக்கும் முடிவுகளால் ஆனதுதான். இந்தப் பெண் இப்போது பேசுவாளா, வாயை மூடிக்கொள்வாளா? கடிதத்தைப் பிரிப்பாளா, அரிசிப் பானைக்குள் போட்டுவிடுவாளா? பகலெல்லாம் நாற்பது கேள்விகளுக்கு விடை சொல்லிக் களைத்த மனம் இரவில் இந்த நாற்பத்தோராவது கேள்வியைத் தொட மறுக்கிறது.

அந்த நாற்பதும் ஏன் நம்மிடமே வருகின்றன என்பது கேட்க வேண்டிய கேள்வி. கணவர் கூடத்தில்தான் இருக்கிறார். கட்டட வேலையை நம்மைக் காட்டிலும் அறிந்தவர். ஆனால் அவர் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தால் "சார் வேலையா இருக்காரு" என்று மேஸ்திரி ஒதுங்கிப் போகிறார். நாம் கையெழுத்துப் படியுடன் அமர்ந்திருந்தால் "டீச்சர் சும்மாத்தான் இருக்காங்க" என்று அழைக்கிறார். மேஸ்திரியைக் குறைசொல்லிப் பயனில்லை. வீடு எப்படிப் பார்க்கிறதோ அப்படித்தான் அவரும் பார்க்கிறார்.

ஜேன் ஆஸ்டின் 1809 முதல் சாட்டன் கிராமத்து வீட்டில் எல்லாரும் புழங்கும் கூடத்தில் அமர்ந்து எழுதியவர். அங்கே ஒரு கதவு கிரீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். ஒலி கேட்டதும் தாள்களை மறைத்துக்கொள்ளலாம் அல்லவா? அவருடைய அண்ணன் மகன் எழுதிய நினைவுநூல் தரும் செய்தி இது. இலக்கியக் கூட்டங்களில் சுவையான துணுக்காகச் சொல்லப்படுவது. நமக்கு அது சிரிப்பூட்டுவதில்லை. அசோகமித்திரன் தியாகராய நகர்ப் பூங்காவில் அமர்ந்து எழுதியதை வியந்து பேசுகிறோம், வியக்கத் தக்கதே. ஆனால் வீட்டில் சாந்து குழைத்துக்கொண்டிருக்கையில் ஆசிரியை ஒருவர் எழுதும் அட்டையோடு பூங்காவுக்குக் கிளம்பினால் தெரு என்ன சொல்லும், வீடு என்ன சொல்லும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

மராமத்தில் எதற்கு முன்னுரிமை என்ற வாதம் வந்தபோது நாம் சமையலறையைச் சொன்னோம். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' நினைவிலிருந்தது. அக்கதையில் சமையலறையைச் சற்று வசதியாக்கலாம் என்று மருமகள் சொல்லும் எளிய யோசனையே வீட்டின் அதிகாரத்தைச் சீண்டிவிடுகிறது. நம் வீட்டில் அவ்வளவு எதிர்ப்பில்லை, வியப்புத்தான். எழுத்தறை கேட்பவள் ஏன் பாத்திரம் கழுவும் தொட்டியின் உயரத்தைப் பற்றி இத்தனை நேரம் பேசுகிறாள் என்று. தொட்டி இடுப்புயரத்துக்கு வந்தது, மேடைக்கு மேல் ஜன்னல் வந்தது, குனிந்து எடுத்தவையெல்லாம் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறின. நாளொன்றுக்கு அரைமணி நேரமாவது மிச்சம். மாடியறையைவிட அந்த ஜன்னல் நம் எழுத்துக்குச் செய்தது அதிகம் என்பதே நம் துணிபு.

பிறகு வீட்டார் கூடிப் பேசினோம். மாலை ஐந்து மணிக்கு மேஸ்திரி புறப்படுமுன் மறுநாளைய கேள்விகள் அனைத்தையும் கேட்டுவிட வேண்டும். விடைகள் ஒரு நோட்டில் ஏறும். பகலில் புதிதாக எது முளைத்தாலும் கணவரே பதில் சொல்வார், அது நமக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றக்கூடாது. (குளியலறை டைல்ஸின் நிறம் அவ்வாறு வந்ததே.) புதுப் பூச்சுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும், கத்திரி வெயிலில் கேட்கவே வேண்டாம், அது மகன் பொறுப்பு. அதிகாலை நாலரையிலிருந்து மூன்று நாழிகை, அதாவது எழுபத்திரண்டு நிமிடம், நம்மை யாரும் கூப்பிடுவதில்லை. மாமியார்தான் இதை முதலில் ஒப்புக்கொண்டார்; சுலோகம் சொல்லும் வேளையில் தம்மையும் யாரும் கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்படிப்பட்ட கோடையில் புதிய நாவலைத் தொடங்குவது வீண். ஏற்கெனவே எழுதிய அத்தியாயங்களைத் திருத்தலாம், ஒரு சிறுகதை எழுதலாம். மராமத்தும் கதைக்கு ஏதேனும் தராமற் போகாது. தூக்குக்குண்டு, ரசமட்டம், மட்டப்பலகை என்று கொத்தனார் வாயில் இயல்பாகப் புழங்கும் சொற்கள் தமிழ் முதுகலை பயின்ற நம் கதைகளில் எத்தனை முறை வந்திருக்கின்றன? கரிசல் வழக்குச் சொற்களுக்கென்று 1982-இலேயே அகராதி தொகுத்தவர் கி. ராஜநாராயணன். கட்டட வேலைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

மாடியறையில் இப்போது மகள் படிக்கிறாள். நாம் எழுதுவது கீழே, சாப்பாட்டு மேசையில், பால்காரர் மணியடிக்கும் வரை. மூன்றாம் அத்தியாயம் பங்குனியில் முடிந்தது. இந்தக் கோடைக்குச் சுற்றுச்சுவர் வேலை காத்திருக்கிறது. நோட்டு அதே நோட்டுத்தான், பாதிப் பக்கங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன.