தவிலும் ஸ்பெல்லிங்கும்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவில் தவில்காரர் பக்கம் நிற்கும் சின்னப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அடி எங்கே பலமாக விழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. தலை தானாக ஆடும். அதே பிள்ளை வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கூட்டித் திணறுகிறது. "கிராமத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் ஏறாது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இது தவறு.

தமிழில் உயிரோ உயிர்மெய்யோ வந்தால் ஒரு தட்டு. மெய் அதோடு ஒட்டிக்கொள்ளும். 'வணக்கம்' என்றால் வ-ணக்-கம், மூன்று தட்டு. ஆங்கிலம் அப்படியில்லை. பலத்தைக் குறிக்கும் 'ஸ்ட்ரெங்த்' என்ற சொல்லில் எட்டு எழுத்து, ஆனால் தட்டு ஒன்றுதான்! 'பனானா'வில் நடு அசை மட்டும் அழுத்தமாக விழும், மற்ற இரண்டும் தேய்ந்துபோகும். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபி' என்றானதும் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். இந்தத் தாளத்தை ஸ்பெல்லிங் காட்டிக்கொடுக்காது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

காதுக்கும் வாசிப்புக்கும் தொடர்பு உண்டு என்பது வெறும் ஊகமல்ல. இங்கிலாந்தில் உஷா கோஸ்வாமியும் சகாக்களும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்புக் குறைபாடு உள்ள குழந்தைகள் ஒலியில் அடி விழும் இடத்தை உணர்வதில் பின்தங்கியிருந்தது தெரியவந்தது.

அதற்காகத் தவில் தட்டினால் ஆங்கிலம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை ஆசிரியர் தனியாகக் கற்றுத்தந்தே ஆகவேண்டும். தாளம் சொல்லைத் துண்டு துண்டாகக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் தொடக்கத்தில் அதுவே பெரிய உதவி.

இது இப்போது அவசரமான விஷயம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24, 2024-25 கல்வியாண்டுகளில் முழுக்க சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளை வாசிப்பில் தடுக்கினால் அந்தப் பாடங்களிலும் தடுக்கி விழும். வீட்டில் கைகொடுக்க ஆங்கிலம் தெரிந்தவர் இல்லையென்றால் பாரம் முழுவதும் பள்ளியின் தலையில்தான்.

வாய்விட்டுச் சொல்லி வேற்றுமொழி கற்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வடமொழிக் கல்வியில் ஏற்ற இறக்கத்தோடு ஓதிக் கற்பதுதானே பழைய முறை?

தவில் கற்பவரும் சொற்கட்டை வாயால் சொல்லியே பழகுகிறார். வகுப்பிலும் அதையே செய்யலாம். தினம் ஐந்து நிமிடம் போதும். 'த-தீம்-த' என்று மேசையில் தட்டி 'பனானா' சொல்லட்டும். பிறகு அதே தட்டுக்கு எழுத்துகளை விரலால் தொட்டுப் படிக்கட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், அரசாணையும் வேண்டாம்.

பிள்ளையின் காதில் தாளம் ஏற்கெனவே இருக்கிறது. அதை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வதுதான் அநியாயம்.