இடைத்தேர்தல் ஊருக்கும் உரியது

2019 அக்டோபர் 21-ஆம் தேதி நெல்லைச் சீமையின் நாங்குநேரி சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலை வாக்காளர்கள் யாரும் கேட்கவில்லை. 2016-இல் அவர்கள் தேர்ந்தெடுத்த எச். வசந்தகுமார், 2019-இல் கன்னியாகுமரியில் மக்களவைக்கு நின்று வென்றார். இரண்டு பதவிகளில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பதால், சட்டமன்றப் பதவியை விட்டார். சட்டப்படி இது சரி. ஆனாலும், ஐந்தாண்டுக்கென்று வாங்கிய வாக்கைப் பாதியில் விடலாமா? பதவியில் இருப்பவரை வேறு தேர்தலில் நிறுத்துவதில்லை என்று எல்லாக் கட்சிகளுமே முடிவெடுக்க வேண்டும்.

தேர்தல் வந்தது, அமைச்சர்களும் வந்தார்கள். பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் பருவம் அது. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகும் தாமிரபரணித் தண்ணீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து நாங்குநேரி, திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் திருப்ப 2009-இல் தொடங்கிய இணைப்புக் கால்வாய், பத்தாண்டாகியும் முடியாமல் கிடந்தது. கட்சிகளுக்கோ பலத்தைக் காட்டுவதுதான் பெரிதாக இருந்தது. அ.தி.மு.க.வின் நாராயணன் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அதே தேர்தலில் தேவேந்திரகுல வேளாளர் வாழும் பல ஊர்கள் கறுப்புக் கொடி கட்டி வாக்களிக்க மறுத்தன. தங்கள் ஏழு உட்பிரிவுகளுக்கும் ஒரே பெயர் வேண்டும், பட்டியல் சாதியினர் பட்டியலிலிருந்து தங்களை வெளியேற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பெயர் மாற்றத்துக்கு 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வெளியேற்றக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. அவர்கள் குரலை அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து எழுப்பியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். தனித்து விடப்பட்டவர்கள்தான் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

பலர் சேர்ந்து ஒரே குரலில் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு, 1938 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் நடந்த இடைத்தேர்தலை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஹிட்லரோடு செய்த மியூனிக் ஒப்பந்தம் சரியா என்ற ஒற்றைக் கேள்வி அங்கே முன்னே நின்றது. தொழிற்கட்சி, லிபரல் வேட்பாளர்கள் விலகிக்கொள்ள, பேலியல் கல்லூரித் தலைவர் லிண்ட்சே பொது வேட்பாளராக நின்றார். ஆளுங்கட்சியின் குவின்டின் ஹாக்தான் வென்றார். ஆனால் 1935-இல் இருந்த வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பொது வேட்பாளர் நமக்குக் கட்டாயமில்லை. பொதுக் கோரிக்கை போதும். அடுத்த இடைத்தேர்தல் நெல்லைச் சீமையில் எங்கு வந்தாலும், வேட்புமனுவுக்கு முன்பே பாசன சங்கத்தார், வியாபாரிகள், பீடி சுற்றும் பெண்கள், எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதட்டும்: எந்தக் குளத்துக்கு மடை, எந்த ஊருக்குப் பேருந்து, யார் கோரிக்கை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று. எல்லா வேட்பாளர்களும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஓராண்டு கழித்து அதே ஊர்க்கூட்டத்துக்கு வென்றவரோடு தோற்றவரும் வந்து, தன் பங்குக்கு என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். வாக்குக்குப் பணம் கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பும் வேலை நம்முடையது.