இடுப்பில் ரிவால்வர் இருக்கு, பயிற்சி எங்கே?

கான்பூர் பக்கம் மாற்றலாகி வந்து ஏழு வருஷம் ஆகிறது. நம்ம ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கே முதலில் மிரளுவது டிசம்பர் குளிருக்கு அல்ல, இடுப்பில் தொங்கும் துப்பாக்கிகளுக்குத்தான். செங்கல் சூளை முதலாளி, காண்டிராக்டர், பெட்ரோல் பங்க் ஓனர் என்று யாரைப் பார்த்தாலும் ஒரு ரிவால்வர். 2016 டிசம்பர் கணக்குப்படி நாடு முழுவதும் சுமார் 33.7 லட்சம் ஆயுத உரிமங்கள். அதில் சுமார் 12.8 லட்சம் உ.பி.யில் மட்டும்!

துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. என் கேள்வி ரொம்பச் சின்னது. வைத்திருக்கிறவருக்கு அதைக் கையாளத் தெரியுமா?

எனக்குத் தெரிந்து முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், வாசலில் ஆயுதம் கூடாது என்று போர்டு இருந்தும், பையிலிருந்து பாஸ்புக்கை எடுப்பதற்காக ரிவால்வரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். குழல் நேராகக் கேஷியர் வயிற்றைப் பார்க்கிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் காவலர் ஓடி வந்து, "சாஹிப், முதலில் வாயைச் சுவர் பக்கம் திருப்புங்க" என்றார். "அட, குண்டே இல்லப்பா" என்று சிரித்தார் இவர். "குண்டு இல்லாத துப்பாக்கின்னு ஒண்ணு கிடையாது சாஹிப்" என்றார் காவலர்.

பயிற்சியின் முதல் பாடமே அதுதான். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இந்த நாலு வரியை மனப்பாடம் செய்ய அஞ்சு நிமிஷம் போதும். கைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கணக்கு படித்தவன் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்று அங்குலக் குழலின் முனை ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகினாலே ஒரு டிகிரி தப்பிவிடும். பத்து மீட்டர் தள்ளி அது சுமார் 17 சென்டிமீட்டர். அதாவது திருடனுக்கு வைத்த குறி, பக்கத்தில் நிற்கும் உங்கள் தம்பிக்கு! ரிவால்வரின் கனமான விசையைப் பழகாத விரல் இழுத்தால் குழல் ஆடத்தான் செய்யும். நடு ராத்திரி, இருட்டு, பயம் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

"நான் சுடவா போகிறேன் சார், காட்டினாலே போதும்" என்பார்கள். சுடாமலே விபத்து நடக்கும். 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடிகர் கோவிந்தா மும்பையில் தன் வீட்டிலேயே, உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது குண்டு பாய்ந்து காலில் காயம்பட்டார். நல்லவேளை, காலோடு போயிற்று. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண், கொண்டாட்டமாகச் சுட்ட குண்டில் செத்தே போனார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வாங்கியவர்கள்? அந்தக் காலத்து விதியில் இப்படி ஒரு கட்டாயமே இல்லை. 2019 திருத்தத்தில் கொண்டாட்டத் துப்பாக்கிச்சூட்டுக்கு இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று வைத்தார்கள். நல்லதுதான். கூடவே உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியும் விட்டார்கள். ஐந்து வருஷம் ஒரு குண்டுகூடச் சுடாதவரின் கைக்கு ஆரம்பத்தில் வாங்கிய சான்றிதழ் என்ன ஞாபகப்படுத்தும்?

தோட்டா விலை அதிகம், வருஷத்துக்கு இத்தனைதான் என்ற அளவு வேறு, சுடுதளம் பக்கத்தில் இல்லை என்பார்கள். பாதி நியாயம். ஆனால் தோட்டாவே இல்லாமல் செய்யும் வெற்றுப் பயிற்சி என்று ஒன்று உண்டு. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, அறைகள் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, சுவரைக் குறி வைத்து, குழல் அசையாமல் விசையை இழுத்துப் பழகுவது. உலகப் போட்டிக்குப் போகிற வீரர்களே தினமும் செய்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டலில் வெள்ளி வாங்கிய விஜய்குமார் அப்போது ராணுவத்தில் இருந்தவர். அவருக்கே தேவைப்பட்ட பயிற்சி நம்ம காண்டிராக்டருக்கு வேண்டாமா?

2014ல் கான்பூர் ஆலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தபோது விலை சுமார் 1.22 லட்சம். அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் பயிற்சிக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்க யோசிக்கிறார். காருக்கு லைசென்ஸ் வாங்கவே எட்டு போட்டுக் காட்டச் சொல்கிற நாடு இது!

நான் கேட்பது இரண்டே இரண்டு. உரிமம் புதுப்பிக்கும்போது சுடுதளத்தில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சித் தோட்டாவை வருஷ அளவில் சேர்க்காமல், தளத்திலேயே கொடுத்து அங்கேயே காலிக் கூட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாசத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க முடியாதா அண்ணே? அப்படியானால் ரிவால்வரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு நல்ல பூட்டு வாங்கிப் போடுங்கள். அது யாரையும் தவறிச் சுடாது.