உடைத்தார், உடைந்தது: இரண்டுக்கும் இடையில் தொலையும் கேள்வி

கல்லூரி வேதியியல் ஆய்வகங்களின் உடைவுப் பதிவேட்டில் வாக்கியங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன: 'இன்ன மாணவர் பீக்கரை உடைத்தார்.' எதிரே ஒரு தொகை. அது காப்புத்தொகையிலிருந்து கழிக்கப்படும். ஆனால் ஒரு கட்டடத்தின் முகப்பிலுள்ள கண்ணாடிக் கதவு நொறுங்கி விழுந்தால் வாக்கியம் மாறிவிடுகிறது: 'கதவு தானாக உடைந்தது.'

தமிழில் இவ்விரு வினைகளுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வேறுபாடு. இத்தகைய இணைகளைப் பேராசிரியர் கு. பரமசிவம் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்துக் காட்டினார். இலக்கணத்தில் இது அழகான ஒழுங்கு. நிர்வாகத்தின் கையிலோ இதுவே பழி பங்கிடும் கருவியாகிறது. எளியவர் அருகில் இருந்தால் 'உடைத்தார்'. விற்றவர், பொருத்தியவர், வாங்க ஒப்புதல் அளித்தவர் ஆகியோரில் ஒருவர் பொறுப்பேற்க நேருமானால் 'உடைந்தது'. இரண்டு வாக்கியங்களும் ஒரே கேள்வியைத்தான் தவிர்க்கின்றன: ஏன்?

இக்கேள்விக்கு விடை இல்லாமலில்லை. 1921இல் ஏ. ஏ. கிரிஃபித் வெளியிட்ட ஆய்வு, கண்ணாடியின் உண்மையான வலிமை அதன் கோட்பாட்டு வலிமையைவிட மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள நுண்விரிசல்களே என்று காட்டியது. ஆக, கண்ணாடி உடைவது பழைய காயமும் புதிய இழுவிசையும் சந்திக்கும் இடத்தில். அந்தக் காயத்தை உண்டாக்கியது கழுவும் தூரிகையின் கம்பியாக இருக்கலாம். அடிப்பகுதியை உரசிய கலக்கும் கோலாக இருக்கலாம். காற்றிலுள்ள ஈரம் விரிசலின் நுனியை மெல்ல அரித்து வளர்ப்பதால், காயம் பட்ட நாளும் உடையும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பலர் கைமாறிய குடுவை ஒருவர் கையில் பிளக்கிறது. கடைசியாகத் தொட்டவரைக் குற்றவாளியாக்குவது எளிது. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

பொருளின் தேர்வும் விசாரணைக்குரியது. சாதாரண சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, சூட்டில் போரோசிலிகேட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிவடையும். சூடாக்க வேண்டிய பணிக்கு முன்னதை மலிவாக வாங்கி அடுக்கிவிட்டு, அது விரிசல் விடும்போது மாணவரின் கவனக்குறைவு என்று எழுதுவது கொள்முதல் குழுவின் பிழையை இருபது வயதுக்காரரின் பையிலிருந்து ஈடுகட்டுவதாகும்.

'தானாக' என்ற சொல்லும் இதே அளவுக்குப் பொய். டஃபன்ட் கிளாஸ் எனப்படும் வன்மையூட்டிய கண்ணாடி எவரும் தொடாமலே நொறுங்குவதுண்டு. அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று நிக்கல் சல்ஃபைடு துகள். உற்பத்தியின்போது கண்ணாடி வேகமாகக் குளிர்விக்கப்படுவதால் உயர்வெப்ப வடிவிலேயே சிறைப்படும் அத்துகள், பின்னர் மாதங்களிலோ ஆண்டுகளிலோ மெதுவாக வடிவம் மாறிப் பருக்கிறது. கண்ணாடியின் உட்பகுதி ஏற்கெனவே இழுவிசையில் இருப்பதால் அந்தச் சிறு பருமன் மாற்றமே போதும். குறையுள்ள பலகைகளுள் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலையிலேயே ஏறத்தாழ 290 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்து உடையச் செய்து விலக்கிவிடும் சோதனை உண்டு. அச்சோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தானாக' என்ற சொல் வந்து அமர்ந்துகொள்கிறது.

உடைந்த பரப்பே தன் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறது. விரிசல் தொடங்கிய இடத்தைச் சுற்றி வழவழப்பான ஓர் அரைவட்டம், அதன் புறத்தே மங்கலான வளையம், அதற்கும் புறத்தே சொரசொரப்பான வரிகள். அரைவட்டம் சிறிதாக இருந்தால் உடைந்தபோது விசை பெரிது. பெரிதாக இருந்தால் விசை சிறிது. வன்மையூட்டிய கண்ணாடியின் குவியலிலும் தொடக்கப் புள்ளியின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் போல இரண்டு பெரிய துண்டுகள் எஞ்சலாம். துகள் இருந்தால் அவற்றின் இடையில் தேடலாம். ஆனால் எழுத்தைப் படிக்குமுன் துடைப்பம் வந்துவிடுகிறது.

துடைப்பத்தின் விலையை நீதிமன்றங்கள் அறியும். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1944இல் தீர்ப்பளித்த எஸ்கோலா எதிர் கோக்க கோலா வழக்கில், உணவகப் பணிப்பெண் ஒருவரின் கையில் குளிர்பானப் புட்டி வெடித்தது. சில்லுகளை உணவக ஊழியர் ஒருவர் எறிந்துவிட்டதால் விசாரணையில் அவற்றைக் காட்ட இயலவில்லை. பணிப்பெண் வென்றார்; ஆனால் சான்றைக் கொண்டு அன்று, சூழ்நிலையிலிருந்தே கவனக்குறைவை ஊகிக்க அனுமதிக்கும் சட்டக் கோட்பாட்டைக் கொண்டு. எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பகுப்பாய்வின்றிக் குறையைக் கண்டறிய இயலாத பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு வழி செய்கிறது. குப்பைக்குப் போன சில்லை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது?

ஒவ்வொரு பீக்கருக்கும் விசாரணைக் குழு அமைக்க முடியுமா என்று கேட்கப்படலாம். வேண்டியதில்லை. சில்லுகளைக் கையுறையுடன் எடுத்து ஒரு பெட்டியில் இட்டு, படம் எடுத்து, கைலென்சால் தொடக்கப் புள்ளியைத் தேடுவதற்குச் சில நிமிடங்கள் போதும். காயம் நேர்ந்தாலோ ஒரே வகைக் கலம் மீண்டும் மீண்டும் உடைந்தாலோ மேல் ஆய்வு. மாணவர்கள் கவனக்குறைவாக இருப்பதில்லையா என்றும் கேட்கப்படலாம். இருப்பதுண்டு. கீழே விழுந்து மோதிய கலத்தின் சில்லும் அதைச் சொல்லும். குற்றம் உண்மையாயின் சான்றைக் கண்டு அஞ்ச வேண்டியவர் யார்?

உடைவுப் பதிவேட்டில் 'யார்' என்ற பத்தி இருக்கிறது, 'எவ்வளவு' என்ற பத்தி இருக்கிறது. 'ஏன்' என்ற பத்தி சேர்க்கப்பட வேண்டும். அது நிரம்பும்வரை எந்த மாணவரின் காப்புத்தொகையிலிருந்தும் ஒரு ரூபாயும் பிடிக்கப்படக் கூடாது. முறிவின் காரணத்தைத் தேடும் முறையைக் கற்பிக்கும் நிறுவனம், தன் தரையில் கிடக்கும் சில்லைப் படிக்க மறுத்து அபராதம் விதிப்பது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது.