பழவேற்காடு கரையில் முதல் ஆள் யார்?

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி இரவு. மும்பையில் ஒரு மீனவர் குடியிருப்பின் ஓரம் ரப்பர் படகு ஒன்று கரை தட்டியது. முதுகில் பைகளுடன் வாலிபர்கள் இறங்கினார்கள்.

அங்கிருந்த மீனவ மக்கள் அவர்களைப் பார்த்தார்கள். யார், என்ன என்று விசாரிக்கவும் செய்தார்கள். சரியான பதில் இல்லை. வந்தவர்கள் விறுவிறு என்று நகருக்குள் போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. 166 பேர் மாண்டார்கள்!

கரை இறங்கிய பயங்கரவாதிகளை முதலில் கண்டது ராடார் அல்ல. ரோந்துக் கப்பலும் அல்ல. மீனவர்கள்தான். அவர்கள் கண்டதைக் கேட்டதும் ஓடிவர அன்று ஆள் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பழவேற்காட்டைப் பாருங்கள்.

ராக்கெட் தளமும் துறைமுகமும்

சென்னைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்ட மணல் திட்டு. அதில் கூனங்குப்பம், வைரவன்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுப் போலீஸ் ஒரு பக்கம், ஆந்திரப் போலீஸ் மறுபக்கம். தண்ணீரில் எல்லைக்கோடு ஏது?

மும்பைச் சம்பவத்துக்குப் பிறகு சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2009-ல் கடல் பாதுகாப்பின் முழுப் பொறுப்பும் கடற்படையிடம் கொடுக்கப்பட்டது. கடலோரக் காவல் படையும், தமிழ்நாடு போலீசின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் அதனுடன் சேர்ந்து வேலை செய்கின்றன. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. கடலோரப் போலீசைக் கூப்பிட 1093, காவல் படையைக் கூப்பிட 1554 என்று டெலிபோன் எண்களும் உண்டு.

'சாகர் கவச்' என்று ஒரு ஒத்திகை. போலீசாரே பயங்கரவாதிகள் போல் படகில் வருவார்கள். கரை ஏறுவதற்குள் அவர்களை மடக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குப்பத்து மக்களுக்கு அதில் என்ன வேலை? சந்தேகப் படகைக் கண்டால் தகவல் சொல்வது. அதோடு சரி.

22 உயிர்கள்

தகவல் மட்டும் போதுமா? 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காடு வந்தவர்கள் படகில் ஏறினார்கள். அளவுக்கு மீறிய கூட்டம். மிதவைச் சட்டை கிடையாது. படகு கவிழ்ந்தது. 22 பேர் ஜலசமாதி ஆனார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விழுந்தது.

தண்ணீரில் விழுந்தவனுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அதற்குள் வந்து சேரக்கூடியது பக்கத்தில் வலை போட்டுக் கொண்டிருக்கும் படகுதான். மூழ்குகிறவன் விஷயத்தில் மட்டும் அல்ல, ஆயுதத்துடன் இறங்குகிறவன் விஷயத்திலும் அந்த முதல் அரை மணி நேரம் குப்பத்தின் கையில்தான் இருக்கிறது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையில் ஒதுங்கியது. பெரிய துறைமுகம் பக்கத்திலேயே இருந்தும், கடைசியில் வாளியால்தான் அள்ளினார்கள்!

ஆகவே, குப்பத்துக்கு நாலு வாலிபர்களுக்காவது முறையான மீட்புப் பயிற்சி தரவேண்டும். ஒரு வயர்லெஸ், பத்து மிதவைச் சட்டை, முதலுதவிப் பெட்டி ஆகியவை ஊரிலேயே இருக்க வேண்டும். தகவல் சொன்னவனை நாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அடுத்த முறை அவன் வாய் திறப்பானா? அன்றைய பாடு போனால் அன்றைய அடுப்பும் போச்சு.

இன்னொன்று. இங்கே முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்து போகும். எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் மணல் என்பது உள்ளூர்ப் படகோட்டிக்குத்தான் அத்துப்படி. வெளியிலிருந்து வரும் ரோந்துப் படகுக்கு அவன்தான் வழி காட்ட வேண்டும். அப்படி ஓடும் படகுக்கு எண்ணெய்ச் செலவு யார் தருவது, படகு உடைந்தால் நஷ்டஈடு எவ்வளவு என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால், நடுராத்திரியிலும் குப்பத்திலிருந்து படகு கிளம்பும்.